பெட்டி இல்லை, தட்டு இல்லை! விலை மட்டும் ஏன் குறையவில்லை?

வீடியோ கேம் வாங்க இரண்டு வழி உண்டு.

ஒன்று, கடைக்குப் போய் வாங்குவது. பெட்டிக்குள் ஒரு தட்டு இருக்கும். சில கம்பெனிக்காரர்கள் தட்டுக்குப் பதில், தபால் தலை அளவில் ஒரு சின்ன அட்டை வைப்பார்கள். அதைக் கருவியில் செருகினால் டெலிவிஷனில் விளையாட்டு வரும்.

இன்னொன்று, இன்டர்நெட் வழியாக இறக்கிக் கொள்வது. இதை "டவுன்லோடு" என்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே பணம் கட்டலாம். சிறிது நேரத்தில் விளையாட்டு கருவிக்குள் வந்து விடும்.

இரண்டாவது வழியில் பெட்டி இல்லை. தட்டு இல்லை. லாரிக் கூலி இல்லை. கடை வாடகை இல்லை. ஆகவே விலை நன்றாகக் குறைய வேண்டும். யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஆனால், பெரிய கம்பெனிகளின் புதிய விளையாட்டுகளில் பல ஆண்டுகளாக இரண்டுக்கும் ஒரே விலைதான் போட்டார்கள். சில சமயம் பெட்டியில் வருவதுதான் மலிவாகக் கிடைக்கிறது!

இது எப்படி?

ஊருக்கு ஒரு விலை

ஜப்பானில் கியோட்டோ என்ற ஊர். அங்கே நின்டெண்டோ என்று ஒரு கம்பெனி இருக்கிறது. 1889-ம் ஆண்டில் சீட்டுக்கட்டு செய்து விற்க ஆரம்பித்த கம்பெனி அது. இன்று உலகம் முழுவதும் வீடியோ கேம் விற்கிறது.

2025-ம் ஆண்டு ஜூன் 5-ந் தேதி, "சுவிட்ச் 2" என்ற புதிய கருவியை இந்தக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்தது. கூடவே "மரியோ கார்ட் வேர்ல்டு" என்ற கார்ப் பந்தய விளையாட்டும் வந்தது. மீசைக்கார மரியோவைத் தெரியாத பிள்ளைகள் குறைவு.

இந்த ஒரு விளையாட்டுக்குக் கம்பெனி சொன்ன விலையைப் பாருங்கள்.

அமெரிக்காவில் பெட்டியில் வாங்கினாலும் 80 டாலர். இறக்கிக் கொண்டாலும் 80 டாலர். (சரியாகச் சொன்னால் 79 டாலர் 99 சென்ட். செருப்புக் கடைத் தந்திரம் அங்கும் உண்டு!) அப்போதைய கணக்கில், நம் பணத்தில் 6,800 ரூபாய்க்கு மேல்.

ஐரோப்பாவில் பெட்டி 90 யூரோ. இறக்கினால் 80 யூரோ.

இங்கிலாந்தில் பெட்டி 75 பவுண்டு. இறக்கினால் 67 பவுண்டு.

ஜப்பானில் பெட்டி 9,980 யென். இறக்கினால் 8,980 யென்.

ஐரோப்பாக்காரர்களுக்கு ஒரு சந்தோஷம். "கடைசியில், பெட்டி இல்லாததற்கு 10 யூரோ குறைத்து விட்டார்களே!" என்றார்கள். வேறு சிலர், "குறைக்கவில்லை ஐயா! பெட்டிக்கு 10 யூரோ ஏற்றி விட்டார்கள்" என்றார்கள்.

எனக்கு வேறு ஒரு கேள்வி. ஐரோப்பாவில் பெட்டிக்கு 10 யூரோ தனியாக ஆகிறது என்றால், அதே பெட்டியை அமெரிக்காவில் சும்மாவா கொடுத்தார்கள்?

பெட்டிக்கு ஆகும் செலவு வேறு. பெட்டிக்குப் போடும் விலை வேறு. இதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

60 டாலர் எங்கே போகிறது?

2010-ம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று ஒரு கணக்கு வெளியிட்டது. அப்போது ஒரு புதிய விளையாட்டின் விலை 60 டாலர். அந்தப் பணம் யார் யாருக்குப் போகிறது?

கடைக்காரருக்கு 15 டாலர். கருவி செய்த கம்பெனிக்கு 7 டாலர். விற்காமல் திரும்பி வரும் சரக்குக்கு ஒதுக்குவது 7 டாலர். தட்டு, பெட்டி, வண்டிக் கூலி எல்லாம் சேர்த்து 4 டாலர். மீதி 27 டாலர்தான் விளையாட்டை வெளியிட்ட கம்பெனிக்கு.

தட்டும் பெட்டியும் வண்டியும் சேர்ந்து 4 டாலர்தான். பெட்டி ஒன்றும் பெரிய செலவு இல்லை. (சின்ன அட்டை, தட்டைவிடக் கொஞ்சம் செலவு கூடியது. 1990-களில் நம் வீடுகளில் "கேசட்" என்று சொன்னோமே, அதுவும் அப்படித்தான்.)

அதே விளையாட்டை இறக்கி வாங்கினால்? இன்டர்நெட்டில் கடை வைத்திருப்பவர் வழக்கமாக 100-க்கு 30 எடுத்துக் கொள்கிறார். 60 டாலரில் அவருக்கு 18. வெளியிட்ட கம்பெனிக்கு 42.

27 டாலர் கிடைத்த இடத்தில் 42 டாலர்! ஒவ்வொரு பிரதிக்கும் 15 டாலர் கூடுதல்.

நின்டெண்டோ தன் மரியோவைத் தன் இன்டர்நெட் கடையிலேயே விற்கும்போது, வேறு யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டியது இல்லை.

ஆக, செலவு மிச்சம் ஆகிறது. அது உண்மை. அந்த மிச்சத்தை வாங்குகிறவருக்குக் கொடுக்கவில்லை. அதுவும் உண்மை.

கம்பெனிக்காரர்கள் இதற்கு ஒரு சமாதானம் சொல்வது உண்டு. அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கருவியை விற்பது கடைக்காரர். கருவியில் அவருக்கு லாபம் மிகக் குறைவு. அவர் பிழைப்பது விளையாட்டுத் தட்டுகளை விற்றுத்தான். கம்பெனியே இன்டர்நெட்டில் விலையை வெட்டினால், கடைக்காரர் கோபம் கொள்வார். கருவியை முன் வரிசையில் வைக்க மாட்டார்.

சரி. ஆனால், இது முழுக் காரணம் இல்லை.

பத்துக் கடை, ஒரு கடை

சந்தையில் பத்துப் பேர் கத்தரிக்காய் விற்கிறார்கள். ஒருவர் கிலோ 40 என்றால், அடுத்தவர் 38 என்பார். சாயங்காலம் ஆனால் 30-க்கும் கிடைக்கும்.

ஊரில் ஒரே ஒரு கடைதான் என்றால்? அவர் சொன்னதுதான் விலை.

தட்டு விஷயமும் இப்படித்தான். ஒரே தட்டைப் பத்துக் கடைக்காரர்கள் விற்கிறார்கள். போட்டி இருக்கிறது. ஆறு மாதம் ஆனதும் தேங்கிய சரக்கைத் தள்ளி விட விலையைக் குறைக்கிறார்கள். அதற்கும் மேலே, பழைய தட்டு இருக்கிறது. விளையாடி முடித்த பையன் அதைக் கடையில் விற்று விடுவான். கடைக்காரர் அதை இன்னொரு பையனுக்குக் குறைந்த விலையில் விற்பார். அதே தட்டு மூன்று நான்கு வீடுகளுக்குப் போகும். புதிய தட்டின் விலையைப் பிடித்துக் கீழே இழுப்பது இந்தப் பழைய தட்டுதான்.

டவுன்லோடில் இது எதுவும் இல்லை. பிளேஸ்டேஷன் கருவி வைத்திருப்பவர் சோனி கம்பெனியின் இன்டர்நெட் கடைக்குத்தான் போக வேண்டும். நின்டெண்டோ கருவிக்கு முக்கியமான கடை நின்டெண்டோ கடை.

ஒரு காலத்தில் சின்ன வழி ஒன்று இருந்தது. டவுன்லோடு செய்வதற்கான ரகசிய எண்ணை அட்டையில் அச்சிட்டு மற்றக் கடைகளும் விற்றன. அவர்கள் சில சமயம் தள்ளுபடியும் கொடுத்தார்கள். 2019-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், முழு விளையாட்டுகளின் எண்களை மற்றக் கடைகள் விற்பதைச் சோனி நிறுத்தி விட்டது.

2021-ல் இதை எதிர்த்து அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2022-ம் ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்திலும் ஒரு வழக்கு வந்தது. சுமார் 90 லட்சம் பேர் சார்பாக, சோனி மீது 500 கோடி பவுண்டு கேட்டுப் போட்ட வழக்கு அது. "ஒரே கடையாக இருந்துகொண்டு 100-க்கு 30 எடுத்ததால், எங்களிடம் அதிக விலை வாங்கி விட்டார்கள்" என்பது குற்றச்சாட்டு. சோனி அதை மறுத்து வாதாடியது.

89 காசுப் புத்தகம்

வாங்கின பொருளை என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்கலாமா? இது புதிய சண்டை அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்காவில் நடந்து விட்டது.

1904-ம் ஆண்டில் "தி காஸ்ட்அவே" என்ற நாவல் வெளிவந்தது. அதை வெளியிட்டது பாப்ஸ்-மெரில் கம்பெனி. விலை 1 டாலர். புத்தகத்துக்குள்ளேயே கம்பெனி ஓர் அறிவிப்பை அச்சிட்டு இருந்தது. அதன் சாரம் இதுதான்: 1 டாலருக்குக் கீழே விற்க எந்த வியாபாரிக்கும் லைசென்சு கிடையாது, விற்றால் சட்ட விரோதம்.

நியூயார்க்கில் மேசிஸ் என்ற பெரிய கடை. அவர்கள் அதே புத்தகத்தை 89 சென்டுக்கு விற்றார்கள். பார்த்தும் பார்க்காததுபோல் விற்றார்கள்!

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1908-ம் ஆண்டு தீர்ப்பு. புத்தகத்தை ஒரு தடவை விற்று விட்டால், அதற்கு மேல் அந்தப் பிரதி என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பதில் வெளியிட்டவருக்கு அதிகாரம் இல்லை என்று கோர்ட்டு சொல்லி விட்டது.

பழைய புத்தகக் கடை, இரவல் நூலகம், வீடியோ காசெட் வாடகைக் கடை எல்லாம் அமெரிக்காவில் இந்த நியாயத்தின் மேல்தான் நின்றன. பழைய வீடியோ கேம் தட்டுக் கடையும் அப்படியே.

அந்த அறிவிப்பில் இருந்த "லைசென்சு" என்ற சொல்லை நினைவில் வையுங்கள். அது மறுபடியும் வரப்போகிறது.

கைமாறின தட்டு

பழைய தட்டு விற்பனையில் வெளியிட்ட கம்பெனிக்கு ஒரு காசும் கிடைக்காது. கம்பெனிக்காரர்களுக்கு இது பெரிய மனக்குறை.

2010-ம் ஆண்டில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கம்பெனி ஒரு யோசனை செய்தது. புதிய தட்டுடன் ஓர் எண்ணை வைத்தது. அந்த எண் இருந்தால்தான், மற்றவர்களோடு இன்டர்நெட்டில் சேர்ந்து விளையாடலாம். முதலில் வாங்கியவர் எண்ணைப் பயன்படுத்தி விடுவார். பழைய தட்டாக வாங்கியவர் தனியாக 10 டாலர் கட்ட வேண்டும். வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். 2013-ல் கம்பெனியே அதைக் கைவிட்டது.

அதே 2013-ல்தான் பெரிய கூத்து நடந்தது.

மைக்ரோசாப்ட் கம்பெனி "எக்ஸ்பாக்ஸ் ஒன்" என்ற கருவியை அறிவித்தது. அதற்குப் போட்ட நிபந்தனைகள் கடுமையானவை. கருவி 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்டர்நெட்டில் தலை காட்ட வேண்டும். தட்டு வாங்கினாலும், விளையாட்டு உங்கள் பெயரில் பதிவு ஆகி விடும். சிநேகிதனுக்குக் கொடுக்கலாம், ஆனால், ஒரு தடவைதான். அந்தச் சிநேகிதனும் குறைந்தது 30 நாள் உங்கள் சிநேகிதர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும்!

சிநேகத்துக்குக்கூட நாள் கணக்கு.

ஜூன் 10-ந் தேதி லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சோனி கம்பெனி மேடை ஏறியது. "எங்கள் கருவியில் பழைய தட்டுக்குத் தடை இல்லை" என்று அறிவித்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. விலையும் 100 டாலர் குறைவு: எக்ஸ்பாக்ஸ் 499, சோனி 399.

அதோடு விடவில்லை. சோனி ஒரு குட்டிப் படமும் வெளியிட்டது. "விளையாட்டை எப்படி இரவல் கொடுப்பது?" என்பது விஷயம். சோனி அதிகாரி ஒருவர் பெட்டியை இன்னொருவர் கையில் கொடுக்கிறார். அவர் வாங்கிக் கொள்கிறார். அவ்வளவுதான் படம். அரை நிமிடம்கூட இல்லை. உலகம் முழுவதும் சிரித்தார்கள்.

9 நாள் கழித்து, ஜூன் 19-ந் தேதி, மைக்ரோசாப்ட் நிபந்தனைகளை வாபஸ் வாங்கியது.

வாங்குகிறவர்கள் ஜெயித்து விட்டார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தட்டு போட வழி இல்லை!

நிபந்தனை போட்டபோது எல்லோரும் கூச்சல் போட்டார்கள். தட்டு போடும் துவாரத்தையே எடுத்தபோது அவ்வளவு கூச்சல் இல்லை. எடுத்தது யார்? இரவல் கொடுக்கப் படம் பிடித்துக் காட்டிய அதே சோனி!

2020-ம் ஆண்டு நவம்பரில் "பிளேஸ்டேஷன் 5" வந்தது. இரண்டு வகை. தட்டு போடும் கருவி 500 டாலர். தட்டு போட வழி இல்லாத கருவி 400 டாலர். 2021-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது, ஒன்று 49,990 ரூபாய்; மற்றது 39,990 ரூபாய்.

2024-ம் ஆண்டு நவம்பரில் "பிளேஸ்டேஷன் 5 புரோ" வந்தது. அமெரிக்காவில் 700 டாலர். இதில் தட்டு போடும் பகுதியே கிடையாது. வேண்டுமானால் தனியாக 80 டாலர் கொடுத்து வாங்கி மாட்டிக் கொள்ள வேண்டும்.

"10,000 ரூபாய் குறைவாக இருக்கிறதே, தட்டு இல்லாததையே வாங்கலாம்" என்று தகப்பனார் நினைப்பார். அவருக்கு ஒரு சின்னக் கணக்கு.

பையனுக்கு 5,000 ரூபாயில் ஒரு தட்டு வாங்குகிறீர்கள். இரண்டு மாதம் விளையாடுகிறான். அலுத்து விடுகிறது. அதை 2,500 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். நான்கு தட்டு விற்றால் 10,000 ரூபாய் கைக்கு வந்து விடும். கருவியில் மிச்சம் பிடித்த பணம் அதோடு சரி. ஐந்தாவது தட்டில் இருந்து, தட்டு போடும் கருவி வாங்கியவருக்குத்தான் லாபம். டவுன்லோடு செய்த விளையாட்டு அலுத்தால், அதை யாருக்கும் விற்க முடியாது.

வருடத்துக்கு ஒரு விளையாட்டு வாங்கும் வீட்டில் இந்தக் கணக்கு பலிக்காது. பையனோ பெண்ணோ ஒரே பந்து விளையாட்டை நான்கு வருடம் விளையாடினால், விற்கவே மனம் வராது. அவர்களுக்குத் தட்டு இல்லாத கருவியே மேல்.

டவுன்லோடின் நல்ல பக்கத்தையும் சொல்லி விட வேண்டும். தட்டு கீறல் விழும்; உடையும்; தொலையும். டவுன்லோடு தொலையாது. வேறு கருவி வாங்கினாலும் மறுபடி இறக்கலாம். கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்களுக்கு "ஸ்டீம்" என்ற இன்டர்நெட் கடை 2003-ம் ஆண்டு முதல் இருக்கிறது. கோடைக் காலத்திலும் குளிர் காலத்திலும் ஆடித் தள்ளுபடி மாதிரி விற்பனை நடத்துவார்கள். பழைய விளையாட்டுகள் பாதி விலைக்கும், கால் விலைக்கும் கிடைக்கும். நாலு பேர் சேர்ந்து செய்யும் சின்னக் கம்பெனிகள் பெட்டி போட்டு உலகம் முழுவதும் அனுப்ப முடியுமா? அவர்களுக்கு டவுன்லோடுதான் வாழ்வு.

ஆனால், தள்ளுபடி எப்போது, எவ்வளவு என்பது கடைக்குள் இருப்பவர்கள் முடிவு செய்வது. தராவிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை. 2017-ம் ஆண்டு 60 டாலருக்கு வந்த "மரியோ கார்ட் 8 டீலக்ஸ்", பல ஆண்டுகள் ஆன பிறகும் நின்டெண்டோவின் இன்டர்நெட் கடையில் பெரும்பாலும் அதே 60 டாலர்தான்!

வாங்கினோமா, வாடகைக்கு எடுத்தோமா?

இப்போது அந்த "லைசென்சு" என்ற சொல்லுக்கு வருவோம்.

டவுன்லோடு செய்யும்போது நீளமாக ஒரு நிபந்தனைப் பத்திரம் வரும். யாரும் படிப்பது இல்லை. "சம்மதம்" என்று அழுத்தி விடுவார்கள். அதில் என்ன எழுதி இருக்கிறது? "இந்த விளையாட்டை உங்களுக்கு விற்கவில்லை. விளையாட அனுமதி கொடுக்கிறோம்" என்று எழுதி இருக்கிறது. அனுமதிச் சீட்டைப் பழைய கடையில் விற்க முடியாது அல்லவா? அதனால்தான், 1908-ம் ஆண்டுத் தீர்ப்பு டவுன்லோடுக்குக் கை கொடுப்பது இல்லை.

பொத்தானில் மட்டும் "வாங்கு" என்று எழுதி இருக்கும்!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் இதைக் கண்டுகொண்டது. 2024-ம் ஆண்டு செப்டம்பரில் ஒரு சட்டம் போட்டது. 2025-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. வெறும் அனுமதியைத்தான் கொடுக்கிறோம் என்றால், அதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் "வாங்கு" என்று போடக் கூடாது. சட்டம் அமலுக்கு வரும் முன்பே, ஸ்டீம் கடை, பணம் கட்டும் இடத்தில் ஓர் அறிவிப்பைப் போட்டு விட்டது.

அனுமதி என்றால், ஒரு நாள் முடிந்து போகலாம். யூபிசாப்ட் என்ற பிரெஞ்சுக் கம்பெனி 2014-ல் "தி க்ரூ" என்ற கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அது ஓடுவதற்குக் கம்பெனியின் கம்ப்யூட்டரும் ஓட வேண்டும். 2024-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி, கம்பெனி தன் கம்ப்யூட்டரை நிறுத்தியது. விளையாட்டும் நின்றது.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பெட்டியில் தட்டு வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். தட்டு கையில் இருக்கிறது, விளையாட்டு இல்லை. ஆகவே, தட்டு வாங்கினால் எல்லாம் பத்திரம் என்று சொல்லி விட முடியாது.

இதன் பிறகு ஐரோப்பாவில் ஓர் இயக்கம் ஆரம்பம் ஆனது. "விற்ற விளையாட்டைக் கொல்லாதே" என்று கேட்டார்கள். 2025-ம் ஆண்டு ஜூலைக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள்.

பாரிஸ் கோர்ட்டில்

டவுன்லோடு செய்ததை மறுபடி விற்கக் கூடாது என்பது சரிதானா? இதைப் பிரான்ஸ் நாட்டில் ஒரு சங்கம் கோர்ட்டுக்குக் கொண்டு போனது. வாங்குகிறவர்கள் நலத்துக்கான சங்கம் அது. பெயர் யூ.எப்.சி. கே ஷுவாசிர். 2015-ல் ஸ்டீம் கடைக்காரரான வால்வ் கம்பெனி மீது வழக்குப் போட்டது.

சங்கத்துக்கு ஒரு பிடி இருந்தது. 2012-ல் ஐரோப்பிய நீதிமன்றம் வேறு ஒரு வழக்கில், இறக்கிக் கொண்ட கம்ப்யூட்டர் புரோகிராமை மறுபடி விற்கலாம் என்று தீர்ப்புச் சொல்லி இருந்தது.

2019-ம் ஆண்டு செப்டம்பரில் பாரிஸ் கோர்ட்டு சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. "விற்கலாம்" என்றது. ஒரே ஆரவாரம்!

மூன்றே மாதத்தில் காற்று திரும்பியது. அந்த டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இன்டர்நெட்டில் இறக்கும் புத்தகங்களைப் பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. பழைய புத்தகம் கசங்கும், கிழியும். இறக்கிக் கொண்ட புத்தகம் எத்தனை பேர் கைமாறினாலும் புதிதாகவே இருக்கும். அதை மறுபடி விற்க விட்டால் புதியதை யார் வாங்குவார்கள்? எழுதியவர் கதி என்ன? ஆகவே விற்கக் கூடாது என்றது.

2022-ல் பாரிஸ் அப்பீல் கோர்ட்டு முதல் தீர்ப்பைத் தள்ளி விட்டது. விளையாட்டு என்பது வெறும் புரோகிராம் இல்லை. படம், பாட்டு, கதை எல்லாம் சேர்ந்தது என்று காரணம் சொன்னது. 2024-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி பிரான்சின் உச்ச கோர்ட்டும் அதை ஒப்புக் கொண்டது. வழக்கு முடிந்தது.

கோர்ட்டு சொன்ன காரணத்தைத் தள்ளி விட முடியாது. இறக்கிக் கொண்டதில் கீறல் விழாது. அது நியாயம். ஆனால், அந்த நியாயத்தின்படி பார்த்தால் விலையும் குறைய வேண்டும் அல்லவா? தட்டுக்குக் கொடுக்கும் 80 டாலரில், பின்னால் திரும்பி வரக்கூடிய 30, 40 டாலரும் அடங்கி இருக்கிறது. டவுன்லோடுக்குக் கொடுக்கும் 80 டாலர் போனது போனதுதான். எண் ஒன்று, விலை ஒன்று அல்ல. நின்டெண்டோ ஐரோப்பாவில் குறைத்த 10 யூரோ, விற்கும் உரிமைக்கு ஈடு என்று எடுத்துக் கொண்டால் மிகக் குறைவு.

பெட்டிக்குள் சாவி

சுவிட்ச் 2 கருவியோடு இன்னொரு புதுமையும் வந்தது. "கேம் கீ கார்டு" என்று அதற்குப் பெயர். பெட்டி உண்டு. பெட்டிக்குள் சின்ன அட்டையும் உண்டு. அட்டைக்குள் விளையாட்டு கிடையாது! அது வெறும் சாவி. அட்டையைச் செருகி, விளையாட்டை இன்டர்நெட்டில் இறக்கிக் கொள்ள வேண்டும். விளையாடும் ஒவ்வொரு தடவையும் அட்டை கருவியில் இருக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கம் கீழே, சாவிப் படத்தோடு இதை அச்சிட்டு இருக்கிறார்கள். பரிசு வாங்கப் போகும் மாமாவும் அத்தையும் அதைப் பார்த்து வாங்க வேண்டும். இன்டர்நெட் இல்லாத வீட்டில் அந்தப் பெட்டி உதவாது.

இந்தச் சாவி அட்டையைப் பலர் திட்டினார்கள். எனக்கு அதில் வேறு ஒன்று தெரிகிறது. சாவி அட்டையை இரவல் கொடுக்கலாம். விற்கலாம். வாங்கியவர் தன் கருவியில் செருகி, விளையாட்டை இறக்கிக் கொள்ளலாம். அதாவது, முழுக்க முழுக்க டவுன்லோடு செய்த ஒரு விளையாட்டு கைமாறுகிறது! "டவுன்லோடைக் கைமாற்ற முடியாது" என்று இத்தனை நாள் சொன்னார்களே? முடியும். கம்பெனி மனம் வைத்தால் முடியும்.

2025-ம் ஆண்டு ஏப்ரலில் நின்டெண்டோ இன்னும் ஓர் ஏற்பாடு செய்தது. டவுன்லோடு செய்த விளையாட்டைக் குடும்பத்துக்குள் இரவல் கொடுக்கலாம். ஒரே குடும்பமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். கொடுக்கும்போது இரண்டு கருவிகளும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு விளையாட்டுத்தான். அண்ணன் தங்கைக்குக் கொடுத்தால், அது தங்கையிடம் இருக்கும் வரை அண்ணன் விளையாட முடியாது. 14 நாள் ஆனதும் தானாகவே அண்ணனிடம் திரும்பி வந்து விடும்.

அந்த ஏற்பாட்டில் விற்பதற்கு மட்டும் இடம் வைக்கவில்லை.